ஆட்டுத்தலை இளவரசிக்கு ஓர் இடம் கொடுங்கள்: சிறார் கதைப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் சிறார் கதைகளைத் தொகுக்கிற, மொழிபெயர்க்கிற, பதிப்பிக்கிற அனைவருக்கும்,

வணக்கம்.

ஒரு கதையைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஒரே ஒரு கதை. உலகத் தேவதைக் கதைகள் என்று நீங்கள் கொண்டுவரும் புத்தகங்களில் சிண்ட்ரெல்லா தவறாமல் வந்துவிடுகிறாள். தூங்கும் அழகி வந்துவிடுகிறாள். ஏழு குள்ளர்களோடு ஸ்னோ ஒயிட்டும் ஆஜர். கேட் என்ற பெண்ணை மட்டும் நான் புரட்டிய எந்தத் தொகுப்பிலும் காணோம்.

கேட் யார் என்று சொல்வதற்கு முன், உங்கள் வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு பெண்களைப் பற்றிப் பேசிவிடுகிறேன். 2013இல் வந்த ‘ஃப்ரோஸன்’ படத்தின் எல்சா, அன்னா. பனியை வரவழைக்கும் அக்கா, அவளைத் தேடிப் போகும் தங்கை. பென்சில் பெட்டி முதல் பள்ளிப் பை வரை இந்த இருவர் படம் இல்லாத பொருளே இல்லை என்கிற அளவுக்குப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தவர்கள். இந்தப் படத்துக்கு மூலம் எது என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1844இல் வெளியிட்ட ‘பனி அரசி’ என்ற கதை. படத்தை எடுத்தவர்களும் அந்தக் கதையிலிருந்து தூண்டுதல் பெற்றதாகத்தான் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் ‘பனி அரசி’யை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். அதில் அக்கா தங்கையே கிடையாது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்த ஒரு சிறுவன், ஒரு சிறுமி. சிறுவனைப் பனி அரசி தூக்கிப் போகிறாள், சிறுமி தேடிப் போகிறாள். பனி அரசி இருவருக்கும் உறவே இல்லாத அந்நியள்.

படத்தின் ஆரம்பத் திரைக்கதையிலும் எல்சா அப்படித்தான் இருந்தாள். வில்லியாக, அன்னாவுக்கு எந்த உறவும் இல்லாதவளாக. வேலை நடந்துகொண்டிருக்கும்போதுதான் இருவரையும் உடன்பிறந்தவர்களாக மாற்றினார்கள், கதை முழுவதும் புரண்டு உட்கார்ந்தது. ஆக, அந்தப் படத்தில் பிள்ளைகள் எதற்காக அழுகிறார்களோ, எதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்களோ, அந்தப் பிணைப்பு ஆண்டர்சன் தந்தது இல்லை. அதன் முகச்சாயல் வேறொரு கதையில் இருக்கிறது. அங்கிருந்து எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படி நினைக்க எந்த ஆதாரமும் இல்லை. ஒரே முகம் இரண்டு வீட்டில் பிறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த இன்னொரு வீடு ஸ்காட்லாந்துக்கு வடக்கே, கடலுக்குள் கிடக்கும் ஆர்க்னி தீவுகள். கதையின் பெயர் ‘கேட் கிராக்கர்நட்ஸ்’. ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஆண்ட்ரூ லாங் 1889இல் ‘லாங்மன்ஸ்’ என்ற மாத இதழில் இதை வெளியிட்டார். அடுத்த ஆண்டே ஜோசஃப் ஜேக்கப்ஸ் இதைத் திருத்தி எழுதித் தன் ‘ஆங்கிலத் தேவதைக் கதைகள்’ நூலில் சேர்த்தார். ஸ்காட்லாந்துத் தீவின் கதை, ஆஸ்திரேலியாவில் பிறந்த ஜேக்கப்ஸ் கையால், ஆங்கிலக் கதை என்ற பெயரில் புத்தகமேறியது. நாட்டுப்புறக் கதைகளுக்கு இப்படி விலாசம் மாறுவது புதிதல்ல.

கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நிறுத்தி நிறுத்தித்தான் சொல்வேன், ஏனென்றால் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுகிற இடங்களில்தான் இதன் உயிர் இருக்கிறது.

ஒரு ராஜா, ஒரு ராணி. இருவருக்கும் முந்தைய மணத்தில் ஆளுக்கொரு மகள். ராஜாவின் மகள் ஆன்னி, ராணியின் மகள் கேட். ஆன்னி கேட்டைவிட ரொம்ப அழகு. ஆனாலும் இருவரும் கூடப் பிறந்தவர்களைப் போல ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருந்தார்கள். இது கதையின் தொடக்கத்திலேயே, போகிற போக்கில் வந்துவிடுகிறது. ராணிக்குத்தான் பொறுக்கவில்லை. தன் மகளைவிட இவள் அழகாக இருப்பதா என்று குமைகிறாள். பள்ளத்தாக்கில் கோழி வளர்க்கும் மந்திரக்காரி ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் யோசனை கேட்கிறாள். ‘நாளைக் காலை வெறும் வயிற்றோடு அந்தப் பெண்ணை என்னிடம் அனுப்பு’ என்கிறாள் அவள்.

மறுநாள் ஆன்னியை முட்டை வாங்கி வரச் சொல்லி அனுப்புகிறாள் ராணி. ஆன்னி சமையலறை வழியாகப் போகும்போது அங்கே ஒரு காய்ந்த ரொட்டித் துண்டு கிடக்கிறது. எடுத்துக் கடித்துக்கொண்டே போகிறாள். கோழிக்காரி, ‘அந்தப் பானை மூடியைத் திறந்து பார்’ என்கிறாள். திறக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. ‘உணவு வைக்கும் அறைக் கதவை நன்றாகப் பூட்டி வைக்கச் சொல் உன் அம்மாவை’ என்று கோபமாகச் சொல்லி அனுப்புகிறாள் கிழவி. ராணிக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. இரண்டாம் நாள் சமையலறையில் ஒன்றும் கிடைக்காதபடி பார்த்துக்கொள்கிறாள். வழியில் பட்டாணி பறித்துக்கொண்டிருக்கிறார்கள் ஊர்க்காரர்கள். ஆன்னி நின்று அவர்களோடு அன்பாகப் பேசுகிறாள், ஒரு பிடி பட்டாணி வாங்கித் தின்றுகொண்டே போகிறாள். அன்றும் பானை பலிக்கவில்லை. மூன்றாம் நாள் ராணியே கூடப் போகிறாள். இந்த முறை வயிறு காலி. மூடியைத் திறந்ததும் ஆன்னியின் தலை கழன்று விழுகிறது, பானைக்குள்ளிருந்து ஓர் ஆட்டுத்தலை துள்ளி வந்து கழுத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

ராணிக்கு நிம்மதி. வீட்டுக்குப் போய்விடுகிறாள்.

இனி வரும் வரிக்காகத்தான் இந்த மடலையே எழுதுகிறேன். கேட் ஒரு மெல்லிய லினன் துணியை எடுத்து ஆன்னியின் தலையைச் சுற்றிக் கட்டுகிறாள். அவள் கையைப் பிடித்துக்கொள்கிறாள். இரண்டு பேரும் பிழைப்புத் தேடிப் புறப்படுகிறார்கள்.

அவ்வளவுதான். கேட் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அழுகை இல்லை, அம்மாவோடு சண்டை இல்லை, உன்னைக் காப்பாற்றியே தீருவேன் என்ற சபதம் இல்லை. எப்படிக் குணமாக்குவது என்று அவளுக்கு அப்போது தெரியவும் தெரியாது. குணமாகும் என்ற நம்பிக்கை இருந்ததாகக்கூடக் கதை சொல்லவில்லை. ஆட்டுத்தலையோடு இருக்கிற சகோதரியோடு எப்படி நடப்பது, அவ்வளவுதான் அப்போதைய கேள்வி. ஒரு துணி, ஒரு கை. வேலை முடிந்தது.

இதை எல்சாவின் கையுறையோடு வைத்துப் பாருங்கள். எட்டு வயது எல்சா விளையாட்டில் தவறி ஐந்து வயது அன்னாவின் தலையில் பனியை எறிந்துவிடுகிறாள். பாறைப் பூதக் கிழவர், இதயத்தில் படாமல் தலையில் பட்டது அதிர்ஷ்டம் என்று சொல்லி, தங்கையின் நினைவிலிருந்து மாயம் முழுவதையும் அழித்துவிடுகிறார். அப்புறம் பெற்றோர் கோட்டைக் கதவுகளைச் சாத்துகிறார்கள், எல்சாவைத் தனி அறையில் வைக்கிறார்கள், கைகளுக்கு உறை மாட்டுகிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பயந்தவர்கள். ஆனால் அந்தக் கையுறையும் கேட்டின் துணியும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன பாருங்கள். இரண்டுமே மறைப்பதற்கான துணிகள்தாம். ஒன்று, இருக்கிற இடத்திலேயே அடைந்து கிடக்க. இன்னொன்று, வெளியே கிளம்பிப் போக. ஒன்று பெரியவர்கள் மாட்டிவிட்டது. இன்னொன்று கூட நிற்பவள் கட்டிவிட்டது.

இரண்டு கதையிலும் பெண்களுக்கு நடுவே சுவர் எழுப்புகிறவர்கள் பெரியவர்கள், அதுவும் மகள் நன்மைக்காக என்று நினைத்துக்கொண்டு. ராணி செய்ததெல்லாம் கேட்டுக்காக. கேட் அதைக் கேட்கவே இல்லை. தனக்காக நடந்த ஒரு கொடுமையின் பலனை வாங்கிக்கொள்ள மறுத்து அரண்மனையை விட்டே போகிறாள். படத்திலும் அப்படித்தான்: அன்னாவைக் காப்பாற்றத்தான் எல்சாவைப் பிரித்தார்கள். அன்னாவுக்கு அந்தப் பாதுகாப்பு தேவைப்படவில்லை. பூட்டிய அறை வாசலில் வருஷக்கணக்காக வந்து நின்று, விளையாட வா என்று தட்டிக்கொண்டே இருக்கிறாள். கதவு ஏன் பூட்டியிருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. நினைவு அழிக்கப்பட்டவள் ஆயிற்றே.

ஒரு விஷயத்தைத் தொகுப்பாளர்கள் என்ற முறையில் நீங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். கேட் யார்? மாற்றாந்தாயின் சொந்த மகள். அழகில் குறைந்தவள். நீங்கள் அச்சிடும் மற்ற கதைகளில் இந்த இடத்தில் இருக்கிற பெண்ணுக்கு என்ன வேஷம்? சிண்ட்ரெல்லாவின் வீட்டில் அவள் கேலி செய்கிறவள். கிரிம் சகோதரர்களின் சிண்ட்ரெல்லாவில் செருப்புக்குள் நுழையக் கால்விரலையும் குதிகாலையும் வெட்டிக்கொள்கிறவள், கடைசியில் புறாக்கள் கண்ணைக் கொத்துகின்றன. அவர்களுடைய ‘ஹோலே அம்மா’ கதையில் சோம்பேறி, தார் பூசிக்கொண்டு வீடு திரும்புகிறாள். 1697இல் வெளிவந்த பிரெஞ்சு எழுத்தாளர் பெரோவின் தொகுப்பில் ஒரு கதை உண்டு. நல்ல பெண் பேசினால் வாயிலிருந்து ரோஜாவும் வைரமும் உதிரும், மற்றவள் பேசினால் பாம்பும் தேரையும். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தால் ஒருத்திக்கு வைரம், ஒருத்திக்குத் தேரை. இதைத்தான் நாம் பரம்பரை பரம்பரையாகச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆர்க்னிக் கதை தேரை விழ வேண்டியவளையே கதாநாயகி ஆக்கிவிட்டது.

சரி, மிச்சக் கதை. இருவரும் நடந்து நடந்து ஒரு கோட்டைக்கு வருகிறார்கள். எனக்கும் உடம்பு சரியில்லாத என் சகோதரிக்கும் ஓர் இரவு தங்க இடம் வேண்டும் என்கிறாள் கேட். கோட்டை ராஜாவுக்கு இரண்டு பையன்கள். ஒருவன் என்ன நோய் என்றே தெரியாமல் உருகிக்கொண்டிருக்கிறான். இரவில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். பார்த்துக்கொள்பவருக்கு ஒரு மரக்கால் வெள்ளி என்று அறிவித்திருக்கிறார் ராஜா. நான் இருக்கிறேன் என்கிறாள் கேட்.

நள்ளிரவில் இளவரசன் எழுந்து உடை மாட்டிக்கொண்டு, மாடியிறங்கி, குதிரையில் சேணம் போட்டு, நாயைக் கூப்பிட்டுக்கொண்டு ஏறுகிறான். கேட் பின்னால் தாவி உட்கார்ந்துகொள்கிறாள். அவன் கவனிக்கவே இல்லை. காட்டுவழியே குதிரை ஓடும்போது, கேட் கைக்கெட்டும் மரங்களிலிருந்து கொட்டைகளைப் பறித்து மடியில் கட்டிக்கொள்கிறாள். எதற்கென்று கேட்காதீர்கள். அவளுக்கும் தெரியாது. கைக்கு எட்டியதை எடுத்து வைத்துக்கொள்கிற ஜாதி அவள். ஒரு பச்சைக் குன்றின் முன் குதிரை நிற்கிறது. ‘திற திற பச்சைக் குன்றே, இளவரசனும் குதிரையும் நாயும் உள்ளே வரட்டும்’ என்கிறான் அவன். ‘அவன் பின்னால் இருக்கிற பெண்ணும்’ என்று சேர்த்துக்கொள்கிறாள் கேட்.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். கதவு திறக்கிற மந்திரம் தெரியாது, அதிகாரம் கிடையாது, அழைப்பும் கிடையாது. வேறு யாரோ சொல்கிற வாக்கியத்தின் வாலில் தன்னைத் தொற்ற வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். அன்னாவும் இதே மாதிரி ஆள். எல்சாவின் பனிக்கோட்டை வாசலில் போய் நின்று தட்டுகிறாள். இந்த முறை கதவு உடனே திறந்துகொண்டதே என்று அவளே கொஞ்சம் திகைத்துப் போகிறாள்.

குன்றுக்குள் அழகழகான தேவதைகள். நாம் நினைக்கிற மாதிரி வரம் கொடுக்கிற தேவதைகள் இல்லை, ஆளை உறிஞ்சுகிறவர்கள். இளவரசனை நடுவில் விட்டு நடனமாட வைக்கிறார்கள். களைத்து விழுந்தால் விசிறி எழுப்பி மறுபடி ஆட வைக்கிறார்கள். சேவல் கூவியதும்தான் விடுகிறார்கள். இதுதான் நோய். காலையில் வந்து பார்த்தவர்களுக்கு இளவரசன் தூங்குவதும், கேட் கணப்பருகே உட்கார்ந்து கொட்டை உடைத்துத் தின்றுகொண்டிருப்பதும்தான் தெரிகிறது. இரவு நன்றாகத் தூங்கினார் என்கிறாள். பொய். இன்னோர் இரவு இருக்கச் சொல்கிறார் ராஜா. ஒரு மரக்கால் தங்கம் கொடுத்தால் இருக்கிறேன் என்கிறாள்.

இரண்டாம் இரவு கேட் இளவரசனைப் பார்க்கவே இல்லை. அவன் ஆடுவான் என்று தெரியும். ஒரு தேவதைக் குழந்தை மந்திரக்கோலை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கோலால் மூன்று தட்டுத் தட்டினால் கேட்டின் சகோதரி பழையபடி ஆகிவிடுவாள் என்று யாரோ பேசிக்கொள்வது காதில் விழுகிறது. மடியிலிருந்து கொட்டைகளை ஒவ்வொன்றாகக் குழந்தை பக்கம் உருட்டிவிடுகிறாள். குழந்தை கொட்டைக்குப் பின்னால் தவழ்கிறது, கோலைக் கீழே போடுகிறது. எடுத்து மடியில் செருகிக்கொள்கிறாள். விடிந்ததும் ஓடிப்போய் ஆன்னியை மூன்று முறை தொடுகிறாள், ஆட்டுத்தலை விழுந்துவிடுகிறது.

மூன்றாம் இரவுதான் இளவரசனுக்கான மருந்து. இந்த முறை கேட் கேட்கிற கூலி வேறு: இளவரசனை எனக்குக் கட்டிவைத்தால் இருப்பேன். குன்றுக்குள் அந்தக் குழந்தை இன்று ஒரு பறவையை வைத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பறவையில் மூன்று வாய் தின்றால் இளவரசன் பிழைப்பான் என்று பேச்சு. மறுபடி கொட்டை, மறுபடி உருட்டல். திரும்பி வந்து பறவையைச் சமைக்கிறாள். வாசனையில் விழித்த இளவரசன் ஒரு வாய் கேட்கிறான். முதல் வாய்க்கு முழங்கை ஊன்றி எழுகிறான், இரண்டாம் வாய்க்கு உட்காருகிறான், மூன்றாவதற்கு எழுந்து நிற்கிறான். காலையில் ஆட்கள் வந்து பார்த்தால் இரண்டு பேரும் சேர்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்கிடையில் மற்ற இளவரசன் ஆன்னியைப் பார்த்துக் காதலில் விழுந்தாயிற்று. நோயாளிப் பையன் நலமான பெண்ணையும், நலமான பையன் நோயுற்றிருந்த பெண்ணையும் கட்டிக்கொண்டார்கள்.

வரிசையைக் கவனித்தீர்களா? முதலில் சகோதரி, அப்புறம்தான் இளவரசன். கூலி வாங்கிக்கொண்டு இளவரசனைப் பார்த்துக்கொள்ள வந்த பெண், முதலில் திருடியது சகோதரிக்கான மருந்தை. இதே வரிசைதான் ‘ஃப்ரோஸன்’ உச்சக்காட்சியில். உடம்பு உறைந்துகொண்டே வருகிறது அன்னாவுக்கு. உண்மை அன்பின் செயல் ஒன்றுதான் அவளைக் காப்பாற்றும். பனிப்புயலுக்குள் ஒரு பக்கம் அவளை நேசிக்கும் கிறிஸ்டாஃப் ஓடி வருகிறான். அவனிடம் போனால் ஒரு முத்தம், உயிர் தப்பலாம். இன்னொரு பக்கம் அவளை ஏமாற்றிய இளவரசன் ஹான்ஸ் எல்சாவின் பின்னால் வாளை ஓங்குகிறான். அன்னா கிறிஸ்டாஃபைப் பார்க்கிறாள், திரும்பி அக்காவிடம் ஓடுகிறாள். கை நீட்டி நிற்கும்போதே முழுதும் உறைந்து பனிச்சிலையாகிவிடுகிறாள். வாள் அவள் கையில் பட்டு நொறுங்குகிறது. அன்பின் செயல் என்றால் ஆண் கொடுக்கும் முத்தம் என்றே அரங்கம் முழுக்க எதிர்பார்த்திருக்க, அது தங்கை எடுத்த முடிவு என்றார்கள். புதுமை என்று உலகமே கொண்டாடியது. நியாயமான கொண்டாட்டம்தான். ஆனால் ஆர்க்னியில் அதை நெருப்பருகே உட்கார்ந்து எப்போதோ சொல்லிவிட்டார்கள், பெரிய திருப்பம் என்ற தோரணைகூட இல்லாமல்.

கல்யாண விஷயத்திலும் கேட்டிடம் அன்னா கொஞ்சம் பாடம் கேட்டிருக்கலாம். பன்னிரண்டு அண்ணன்கள் உள்ள ஹான்ஸைப் பார்த்த அன்றே நிச்சயம் செய்துகொண்டவள் அன்னா. கேட்டோ ஆள் தூங்குவது, ஆடுவது, மயங்கி விழுவது எல்லாவற்றையும் இரவு இரவாகப் பார்த்த பிறகுதான் பேரம் பேசுகிறாள்.

கதையில் குறையும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆட்டுத்தலை வந்த பிறகு ஆன்னி பேசுவதே இல்லை. தலையில் துணி சுற்றிய நாள் முதல் அது விழுகிற நாள் வரை அந்த அறையில் அவள் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று ஒரு வரி கிடையாது. தன்னை இப்படி ஆக்கியது கேட்டின் அம்மா என்று அவளுக்குத் தெரியுமா? தெரிந்தும் அந்தக் கையைப் பிடித்தாளா? கதை வாய் திறக்கவில்லை. படம் இந்த இடத்தில்தான் முந்துகிறது. பூட்டிய கதவின் அந்தப் பக்கம் முதுகு சாய்த்து உட்கார்ந்திருக்கும் எல்சாவைக் காட்டுகிறது. தன்னால் தங்கைக்கு ஆபத்து என்ற பயத்தில் தங்கையையே தள்ளி வைக்கிறவளின் வேதனை ஆன்னிக்கு வாய்க்கவில்லை, ஏனென்றால் ஆன்னி யாருக்கும் ஆபத்து இல்லை. தன்மேல் வந்த சாபத்தைச் சுமப்பதும், தானே சாபமாக இருப்பதும் வேறு வேறு கஷ்டம். அதனால்தான் இரண்டையும் ஒருசேரப் படிக்கச் சொல்கிறேன். கதவுக்கு வெளியே நிற்பவள் என்ன செய்ய வேண்டும் என்று கேட் காட்டுகிறாள். உள்ளே இருப்பவளுக்கு என்ன ஆகிறது என்று எல்சா காட்டுகிறாள்.

ஒரு சுவையான தகவல். ஆண்ட்ரூ லாங் வெளியிட்ட வடிவத்தில் இரண்டு பெண்களுக்கும் கேட் என்றே பெயர். ஜேக்கப்ஸ் தன் குறிப்பில், கதை மிகவும் சிதைந்து கிடக்கிறது, இரண்டு பேருக்கும் ஒரே பெயர், பெரும்பகுதியைத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று என்று அலுத்துக்கொள்கிறார். ஆக ஆன்னி என்ற பெயர் அவர் வைத்தது. குழப்பம் தீர்ந்தது நல்லதுதான். ஆனாலும் கதை சொன்னவர் இரண்டு பெண்களையும் ஒரே பெயரால் கூப்பிட்டார் என்பதை வெறும் மறதி என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

உங்களில் விவரம் தெரிந்தவர்கள் ஒரு மாற்று யோசனை சொல்லலாம். நார்வேயில் இதற்கு ஓர் உறவுக்காரக் கதை உண்டே, ‘லுர்வெஹெட்டெ’, அஸ்பியோர்ன்சன், மூ என்ற இரு தொகுப்பாளர்கள் சேகரித்தது. ‘ஃப்ரோஸன்’ நடக்கிற அரெண்டெல்லும் நார்வேயைப் பார்த்து வரைந்ததுதானே, அதைப் போட்டால் பொருத்தமாக இருக்காதா என்று. அதுவும் அருமையான கதை. கந்தல் தொப்பியோடு, மரக்கரண்டியைக் கையில் பிடித்து, ஆட்டின்மேல் ஏறி வருகிற ஒரு முரட்டுப் பெண். அழகான இரட்டைச் சகோதரியின் தலையைப் பூதங்கள் பிடுங்கிக் கன்றுக்குட்டித் தலையை வைத்துவிடுகின்றன. இவள் மாலுமி யாரும் வேண்டாம் என்று சொல்லிக் கப்பலைத் தானே ஓட்டிப் போய்த் தலையை மீட்டு வருகிறாள். வாய்ப்பு இருந்தால் இரண்டையும் போடுங்கள். ஒன்றுதான் போட முடியும் என்றால் என் ஓட்டு கேட்டுக்கே. நார்வேக் கதையின் முடிவில் அந்த முரட்டுப் பெண் கல்யாண ஊர்வலத்தில் பேரழகியாக மாறிவிடுகிறாள். கேட் மாறுவதில்லை. அவள் அழகில் குறைந்தவள் என்று முதலில் சொன்ன கதை, அப்புறம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. கடைசிவரை அவளுக்கு அது ஒரு பிரச்சினையாகவும் இல்லை.

அச்சிடும்போது செய்யக்கூடாதது என்று சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன்.

ரொட்டித் துண்டையும் பட்டாணியையும் வெட்டாதீர்கள். பக்கம் மிச்சமாகும் என்று மூன்று காலையை ஒரே காலையாகச் சுருக்குவது மறுகூறலில் வழக்கம். சுருக்கினால் ஆன்னி வெறும் பலியாள் ஆகிவிடுவாள். பசித்தால் எடுத்துத் தின்கிற, வழியில் நின்று பேசுகிற பெண் அவள். இரண்டு நாள் அவளைக் காப்பாற்றியதே அந்தச் சுபாவம்தான்.

ராணிக்குத் தண்டனை எழுதிச் சேர்க்காதீர்கள். அவள் என்ன ஆனாள் என்று கதை சொல்லவில்லை. பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். கேட்டின் பேரத்தை மழுப்பாதீர்கள். வெள்ளி, தங்கம், அப்புறம் மாப்பிள்ளை என்று கூலி ஏறிக்கொண்டே போவது பேராசை மாதிரி தெரிகிறதே, அன்பினால் செய்தாள் என்று மாற்றிவிடலாமே என்று யாராவது கூட்டத்தில் சொல்வார்கள். சொல்பவரைப் பேசவிட்டு, கதையை அப்படியே அச்சுக்கு அனுப்புங்கள். பறவையைச் சமைப்பதும் அப்படியே இருக்கட்டும்.

ஓவியருக்கு ஒரு வார்த்தை. ஆட்டுத்தலையைச் செல்லமாக, கண்ணிமை நீளமாக வரைந்துவிடாதீர்கள். ஆன்னி அழகான ஆடாக இருந்தால் கேட் கட்டுகிற துணிக்கு வேலையே இல்லை. என்னைக் கேட்டால் தலையை வரையவே வேண்டாம். முடிச்சுப் போடுகிற இரண்டு கைகளை வரையுங்கள்.

அட்டையில் எல்சா, அன்னா பெயரைப் போட்டு விற்க ஆசை வரும். வேண்டாம். உரிமைச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும், கேட்டை இன்னொருத்தியின் நிழலாக அறிமுகப்படுத்தியதாகிவிடும். முன்னுரையில் பெரியவர்களுக்காக ஒரு பத்தி எழுதுங்கள், போதும். படத்தைப் பார்த்த பிள்ளை ஒற்றுமையைத் தானே கண்டுபிடிக்கும். அந்தச் சந்தோஷத்தை நாம் எதற்கு முன்கூட்டியே தின்ன வேண்டும்?

உரிமை என்றதும் நினைவுக்கு வருகிறது. லாங் 1912இல் இறந்தார், ஜேக்கப்ஸ் 1916இல். இரண்டு வடிவங்களுமே யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத பொதுச் சொத்து. ஜேக்கப்ஸ் வடிவம் சிறியது, சில பக்கங்கள்தான். நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வார இறுதியில் உட்கார்ந்தால் முதல் வரைவு கைக்கு வந்துவிடும். குன்றைத் திறக்கிற பாட்டுக்குத்தான் கொஞ்சம் உழைக்க வேண்டும். பிள்ளைகள் கூடச் சேர்ந்து சொல்ல வேண்டும், கேட் சேர்க்கிற கடைசி வால் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்க வேண்டும். நான் எழுதிப் பார்த்தது இது:

‘பச்சைக் குன்றே பச்சைக் குன்றே, பாதை கொஞ்சம் திற,
இளவரசனும் குதிரையும் நாயும் உள்ளே நுழைந்து வர.’
‘பின்னால் நானும் இருக்கிறேனே, என்னையும் விட்டுத் திற!’

இதைவிட நன்றாக எழுதுகிறவர்கள் உங்களிடம் இருப்பார்கள். அவர்களிடம் கொடுங்கள்.

அடுத்த தொகுப்பின் உள்ளடக்கப் பட்டியலை முடிவு செய்யும்போது, சிண்ட்ரெல்லாவை இன்னொரு முறை போடுவதா என்ற பேச்சு வரும் அல்லவா, அந்த நேரத்தில் இந்த மடலை எடுத்து மேசையில் வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் புத்தகங்களை வாங்கிப் படிக்கும் ஒரு வாசகர்